தேத்தண்ணி கொடுங்கள், அடையாள அட்டையைக் கொடுக்காதீர்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஏழு கடிதங்கள் ஒரே சங்கதியைப் பேசின. வீட்டு வாசலுக்கு வந்து இன்டர்நெட் ரவுட்டரும் டிவி டிஷ்ஷும் விற்கிறவர்களைப் பற்றிய கடிதங்கள் அவை. ஏழில் நான்கை எடுத்துக்கொண்டேன். இதற்குப் பதில் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. 2015 முதல் நான்கு வருடம் ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் நானே பையைத் தூக்கிக்கொண்டு, தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயம் லயமாக ஏறி இறங்கி இதே சாமான்களை விற்றவள்.

கேள்வி: அக்கா, நான் கொழுந்து எடுக்கிறேன். கணவர் கொழும்பில் கடையில் வேலை. மகள் அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். சம்பளம் எடுத்த மறுநாள் இரண்டு பையன்கள் வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்தார்கள். மகளின் படிப்புக்கு இன்டர்நெட் கட்டாயம், பக்கத்து லயத்தில் எல்லோரும் போட்டாச்சு, இந்த விலை இன்றைக்கு மட்டும்தான் என்றார்கள். ஒரு மணித்தியாலம் எழும்பவே இல்லை. கடைசியில் அடையாள அட்டையைப் படம் பிடித்து, டேப்லெட்டில் விரலால் கையெழுத்து வாங்கி, 3,500 ரூபாயையும் எடுத்துக்கொண்டு ரவுட்டரைத் தந்துவிட்டுப் போனார்கள். 100 ஜிபி என்றார்கள், பத்து நாளில் முடிந்துவிட்டது. வாசலில் வைத்தால்தான் சிக்னல், காம்பராவுக்குள் இல்லை. அந்தப் பையனின் நம்பர் இப்போது வேலை செய்யவில்லை. பில் மட்டும் வந்திருக்கிறது. கட்டாவிட்டால் பொலிஸ் வருமா?
– ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: தங்கச்சி, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். இன்டர்நெட் பில் கட்டவில்லை என்று பொலிஸ் வராது. அது பணப் பிணக்கு, குற்றம் இல்லை. ஆனால் பேசாமலும் இருந்துவிடாதீர்கள். ரவுட்டரைப் பெட்டியில் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டால் இணைப்பு நின்றுவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பில் கட்டும் இணைப்பு அப்படி நிற்காது. நிறுத்தச் சொல்லும் வரைக்கும் உங்கள் பெயரில் வாடகை ஏறிக்கொண்டே போகலாம். அதுவும் தோட்டத்தில் கடிதம் நம் வாசலுக்கு வருவதில்லையே. தோட்டக் காரியாலயத்தில் வந்து கிடந்து, யாராவது எடுத்து வந்தால் உண்டு. நினைவூட்டல் கடிதங்கள் எல்லாம் அப்படியே தொலைந்து, கடைசியாக வந்த சட்டத்தரணியின் கடிதம் மட்டும் கையில் கிடைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே இன்றைக்கே அந்த நிறுவனத்துக்குப் போன் பண்ணுங்கள். பையன் தந்த நம்பருக்கு வேண்டாம். பில்லில் அச்சடித்திருக்கும் வாடிக்கையாளர் சேவை இலக்கத்துக்கு எடுத்து, தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். என் பெயரில் என்ன பெக்கேஜ் போட்டிருக்கிறது, எத்தனை மாதம் கட்டாயம் வைத்திருக்க வேண்டும், இடையில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், இந்த மூன்றையும் கேளுங்கள். வீட்டுக்குள் சிக்னல் இல்லை என்பதை முறைப்பாடாகப் பதியச் சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி மகளின் கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். அந்த இலக்கம் கையில் இல்லாவிட்டால் நீங்கள் பேசியதற்குச் சாட்சியே இல்லை.

அப்புறம், ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போனாலும் பரவாயில்லை, ரவுட்டரைப் பெட்டியோடும் வயரோடும் எடுத்துக்கொண்டு பட்டணத்துக் கிளைக்குப் போங்கள். இணைப்பை நிறுத்தச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். மகளையே எழுதச் சொல்லலாம், நான்கு வரி போதும். அதன் பிரதியில் கிளையின் முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். 3,500 ரூபாய்க்குப் பற்றுச்சீட்டு தந்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. தராவிட்டால் அதையும் கடிதத்தில் எழுதுங்கள். நாம் கேட்டால் விற்கிறவர் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும், அது சட்டம்.

கிளையில் தீர்வு கிடைக்காவிட்டால் இரண்டு இடங்கள் இருக்கின்றன. இணைப்பு, பில் சம்பந்தப்பட்டது என்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழு, இலக்கம் 1900. ஏமாற்றி விற்றார்கள் என்பதை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இல் சொல்லலாம். ஆனால் போனில் சொன்னதோடு நிற்க வேண்டாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் சட்டப்படி முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தீபாவளி போகட்டும், கோயில் திருவிழா முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் அந்த மூன்று மாதம் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

பிறகு எப்போதாவது, பணப் பிணக்கைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபையிலிருந்து கடிதம் வந்தாலும் பயந்து கிழித்துப் போட வேண்டாம், போங்கள். அது நீதிமன்றம் இல்லை. அங்கே உங்களுக்காகச் சட்டத்தரணி பேச வேண்டியதும் இல்லை. கையில் அந்தக் கொப்பியும் முத்திரை வைத்த கடிதமும் இருந்தால் நடந்ததை நீங்களே சொல்லலாம்.

இனி அந்த 100 ஜிபி கணக்கு. அதில் பொய் இருக்காது, மறைத்தது இருக்கும். நம் நாட்டில் பல பெக்கேஜ்களில் டேட்டாவை இரண்டாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பங்கை எந்த நேரமும் பாவிக்கலாம். மற்றது நள்ளிரவு 12 மணிக்குப் பிறகு விடியும் வரைக்கும் மட்டும். இரண்டையும் கூட்டித்தான் வாசலில் சொல்வார்கள். விடியற்காலை எழும்பி அடுப்பு மூட்டி, பிள்ளையை அனுப்பிவிட்டுப் பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க, ஓடுகிற வீட்டில் நள்ளிரவு டேட்டா யாருக்கு? கட்டணமும் அப்படித்தான். வாசலில் சொல்லும் தொகை வரி சேராததாக இருக்கலாம். 2024 ஜனவரியிலிருந்து வற் வரி மட்டுமே 18 சதவீதம். எல்லாம் சேர்த்து மாதம் என் கையால் எவ்வளவு போகும் என்று ஒரே தொகையைக் கேட்டு, அதைப் படிவத்தின் ஓரத்தில் எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

லண்டனில் இருக்கும் என் சித்தி மகள் சொல்வாள், அங்கே வாசலில் வைத்துச் செய்த ஒப்பந்தத்தைப் பொதுவாக 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே கைவிடலாம் என்று. அதைக் கேள்விப்பட்டு இங்கேயும் அப்படித்தான் என்று யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். 'பிடிக்காவிட்டால் திருப்பி எடுப்போம்' என்று விற்கிறவர் சொன்னால், எத்தனை நாளுக்குள், எவ்வளவு பணம் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் அந்தப் பேச்சுக்கு அங்கேயே மதிப்பு முடிந்தது.

மகளின் படிப்பு என்றதும் நீங்கள் இளகிவிட்டீர்கள், அது எனக்கு நன்றாகப் புரிகிறது. 2020, 2021 இல் பள்ளிக்கூடம் மூடியிருந்தபோது சிக்னல் தேடிப் பிள்ளைகள் மழையில் மலையேறி, தேயிலைக்கு நடுவே குடை பிடித்துக்கொண்டு பாடம் கேட்டதை நாம் மறக்கவில்லை. அந்த வலி எங்கே இருக்கிறது என்று தெரிந்துதான் அவர்கள் அங்கே தொடுகிறார்கள். ஆசிரியர் அனுப்பும் பாடக் குறிப்புகளுக்கும் இடையிடையே ஒரு வீடியோ பாடத்துக்கும் போனில் போடும் சாதாரண டேட்டா ரீலோட் பல வீடுகளில் போதும். இரண்டு மாதம் அப்படிப் பாருங்கள். போதாவிட்டால் அப்போது யோசிக்கலாம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்றவன். கொஞ்சம் லீக்ஸும் கரட்டும் போட்டிருக்கிறேன். டிவி டிஷ் விற்கும் பையன்கள் மூன்று தடவை வந்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. எல்லாம் நம் தோட்டத்துப் பிள்ளைகள், முகம் வாடிப் போகிறது. மனைவி தேத்தண்ணி வேறு கொடுத்துவிடுகிறாள். அதன் பிறகு எப்படி அனுப்புவது?
– ஒரு வாசகர், இராகலை

பதில்: ஐயா, உங்கள் மனைவி செய்தது சரி. மலையேறி வந்தவனுக்குத் தேத்தண்ணி கொடுப்பது நம் வழக்கம், அதை எந்தக் கம்பனிக்காகவும் விட வேண்டியதில்லை. தேத்தண்ணி கொடுங்கள், அடையாள அட்டையைக் கொடுக்காதீர்கள். குடித்துவிட்டுப் போகிறவனுக்கு நீங்கள் கடன்பட்டவர் இல்லை.

எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்ததை இங்கே எழுதுகிறேன். இவ்வளவு நாள் வெளியே சொன்னதில்லை. 10 ஆம் திகதி தோட்டத்தில் சம்பளம், ஆகவே 11, 12 இல் போ. வாசலில் நின்று முதலில் குடிக்கத் தண்ணீர் கேள். தண்ணீர் கொடுத்தவர் உட்காரச் சொல்வார், உட்கார்ந்த ஆளை எழுப்ப நம் சனங்களுக்கு மனம் வராது. பிள்ளையின் பெயரைக் கேட்டு, பிறகு அந்தப் பெயரைச் சொல்லியே பேசு. 'வேண்டுமா' என்று கேட்காதே, 'பெட்டியை எந்தச் சுவர்ப் பக்கம் வைக்கலாம்' என்று கேள். தோட்டத் தலைவர் வீட்டில் முதலில் ஒன்று போட்டுவிட்டு மற்ற வீடுகளில் அவர் பெயரைச் சொல். விலையைக் கடைசியாகச் சொல்.

நீங்கள் சொல்லும் ஒவ்வொரு சாக்குக்கும் அவர்களிடம் பதில் இருக்கிறது. கையில் காசில்லை என்றால், தவணையில் கட்டலாம். மகனிடம் கேட்க வேண்டும் என்றால், இப்போதே போன் எடுங்கள் ஐயா, நான் பேசுகிறேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றால் திகதி குறித்துக்கொண்டு போய் அதே நாளில் வந்து நிற்பார்கள். உங்களிடம் மூன்று தடவை வந்ததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் இன்னும் 'வேண்டாம்' என்ற சொல்லைச் சொல்லவில்லை.

அதனால் காரணமே சொல்லாதீர்கள். கதவுக்கு வெளியே வந்து, நின்றுகொண்டே, 'தம்பி, எனக்கு வேண்டாம். தேவைப்பட்டால் நானே கிளைக்குப் போய் எடுப்பேன்' என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் அதே வார்த்தையைத் திரும்பச் சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டியதில்லை. மூன்றாம் தடவை எழும்பிவிடுவான். அவனுக்கு அடுத்த வீடு இருக்கிறது, மாலைக்குள் நான்கு இணைப்பு முடிக்க வேண்டும். எனக்கு அந்த நான்கு வருடமும் நிரந்தரச் சம்பளம் கிடையாது. இணைப்புக்கு இவ்வளவு என்ற கொமிஷன்தான், பஸ் காசும் என்னுடையது. அந்தப் பையனின் முகம் வாடுவது நடிப்பு இல்லை ஐயா. ஆனால் அவனுடைய டார்கெட்டை உங்கள் ஓய்வூதியத்தில் இருந்து முடித்துக் கொடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

நான் அந்த வேலையை ஏன் விட்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன். 2017 இல் நோர்வூட் பக்கத்தில் தனியாக இருந்த ஓர் அம்மாவுக்கு டிஷ் விற்றேன். வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக மலை, அதன் மேல் யூக்கலிப்டஸ் மரங்கள். படம் வராது என்று பொருத்த வந்த தம்பி என் காதோடு சொன்னான். மாத முடிவு, எனக்கு ஓர் இணைப்பு குறைவாக இருந்தது. 'பரவாயில்லை, போடு' என்று சொல்லிவிட்டேன். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த வழியாகப் போனபோது டிவியில் வெறும் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த அம்மா எட்டு மாதமும் ஒழுங்காகப் பணம் கட்டியிருந்தார். 'நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன் மகளே' என்றார். இணைப்பை வெட்டி, கட்டிய பணத்தில் என் கொமிஷன் அளவையாவது கொடுத்தேன். மிச்சத்தைத் திருப்ப என்னால் முடியவில்லை. அடுத்த வருடமே விலகிவிட்டேன்.

சொல்லியும் போக மறுத்தால், மிரட்டினால், பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் நுழைய முயன்றால் தயங்க வேண்டாம். பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுவிட்டு 119 க்கு எடுங்கள்.

தோட்டத் தலைவர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். விற்க வருகிறவர்களை லயம் லயமாக ஏற விடாமல், ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்துக்கு வரச் சொல்லுங்கள். எல்லோருக்கும் முன்னால் விலையைச் சொல்லட்டும், பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் படிவத்தைச் சத்தமாக வாசித்து அர்த்தம் சொல்லட்டும். படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது என்பதாலேயே எத்தனை பேர் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நூறு பேர் முன்னால், 'வீட்டுக்குள் சிக்னல் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்' என்று ஒருவர் கேட்டால் போதும், அந்தப் பதில் எல்லோருக்கும் சேரும்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு ஒரே மாதத்தில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் டிஷ், ஒருவர் 4ஜி ரவுட்டர், ஒருவர் ஃபைபர். மூவரும் தங்களுடையதுதான் மலைநாட்டுக்குச் சரி என்கிறார்கள். யாரை நம்புவது?
– ஒரு வாசகர், அப்புத்தளை

பதில்: தம்பி, மூவரையும் நம்பாமல் உங்கள் வீட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்து பாருங்கள்.

ஃபைபர் என்றால் கம்பி வர வேண்டும். உங்கள் பாதையோரக் கம்பங்களில் அந்தக் கேபிளும், அதைப் பிரித்துக் கொடுக்கும் சிறு பெட்டியும் இருக்கின்றனவா? மேல் வீதியோடு நின்றுவிட்டிருந்தால், 'இரண்டு வாரத்தில் இழுத்துத் தருவோம்' என்ற பேச்சுக்கு முற்பணம் கொடுக்காதீர்கள். வந்து சேர்ந்தால் மூன்றிலும் நல்லது அதுதான். மழைக்கு அசையாது. கண்ணாடி இழை என்பதால் பழைய செம்புக் கம்பி மாதிரி இடி மின்னலை வீட்டுக்குள் இழுத்தும் வராது. ரவுட்டரின் கரன்ட் பிளக்கை மட்டும் இடி நேரத்தில் கழற்றிவிடுங்கள்.

4ஜி ரவுட்டர் எடுப்பதற்கு முன், அதே நிறுவனத்தின் சிம் ஒன்றை நண்பரிடம் வாங்கிப் போனில் போட்டு, ரவுட்டர் வைக்கப் போகும் அதே அறையில் மூன்று நாள் பாவித்துப் பாருங்கள். பகலில் மட்டும் பார்க்க வேண்டாம். எல்லோரும் வீட்டுக்கு வந்து போனைக் கையில் எடுக்கும் இரவு 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் பாருங்கள், உண்மை தெரியும். டவர் நேரே தெரியும் இடம் என்றால் நன்றாக வேலை செய்யும். நடுவில் ஒரு மலை முதுகு வந்தால் அரை மைல் தூரத்தில் டவர் இருந்தும் பிரயோசனம் இல்லை. தகரக் கூரை வீட்டில் ஜன்னலோரம் வைத்துச் சோதியுங்கள். தகரம் சிக்னலைத் தடுக்கும்.

டிஷ் நல்ல வெளிச்ச நாளில் எல்லா இடத்திலும் அழகாகத்தான் இருக்கும். அது பார்க்க வேண்டிய திசையில் மலையோ மரமோ மறைக்கக் கூடாது. அந்தத் திசை எது என்று விற்க வந்தவரையே கையை நீட்டிக் காட்டச் சொல்லுங்கள். அடை மழையில் படம் உறைவதற்குப் பழுது காரணம் இல்லை. அந்த அலைவரிசையை மழைத்துளிகள் விழுங்குகின்றன, வெறும் பனிமூட்டம் அவ்வளவு செய்யாது. ஹட்டன், மஸ்கெலியா பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவத்தில் இந்தத் தொல்லை அதிகம். உங்கள் ஊவாப் பக்கத்தில் ஐப்பசி மழை தொடங்கி வடகீழ்ப் பருவம் முடியும் வரைக்கும் எதிர்பார்க்கலாம்.

செய்தியும் இரண்டு நாடகமும் போதும் என்றால், முதலில் ஒரு சாதாரண அன்டனாவைக் கூரையில் கட்டிப் பாருங்கள். 2,524 மீற்றர் உயரத்தில், பீதுருதாலகால மலை உச்சியிலேயே ஒளிபரப்புக் கோபுரம் இருக்கிற நாடு இது. நேர் பார்வை கிடைக்கும் வீடுகளில் உள்நாட்டுச் சேவைகளைச் சதம் கொடுக்காமல் பார்க்கலாம். ரவுட்டரில் படம் பார்க்கும் எண்ணம் இருந்தால் இதையும் நினைவில் வையுங்கள். உயர் தரத்தில் ஒரு மணித்தியாலம் பார்த்தால் 3 ஜிபி வரை போகும்.

இந்திய டிஷ் பற்றியும் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். நம் பக்கத்தில் அது நிறைய வீடுகளில் இருக்கிறது, தெரியும். ஆனால் இங்கே அனுமதி பெற்ற சேவை இல்லை அது. ரீசார்ஜ் பணத்தை இடையில் ஒருவர் விழுங்கினாலும் போய் முறையிட உங்களுக்கு இடம் கிடையாது.

கேள்வி: அக்கா, நான் உயர்தரம் முடித்துவிட்டு இந்த வேலைக்கு வந்து மூன்று மாதம். சில வீடுகளில் நாயை அவிழ்த்து விடுகிறார்கள். பொய் சொல்லாமல் விற்க முடியாது என்று சுப்பர்வைசர் சொல்கிறார். உண்மையா?
– ஒரு வாசகி, தலவாக்கலை

பதில்: உண்மை இல்லை தங்கச்சி. விற்பனை மெதுவாக ஏறும், அவ்வளவுதான். வாசலுக்கு வெளியே நின்றே நிறுவன அட்டையைக் காட்டு. பிரட்டு நேரத்திலும் இருட்டிய பிறகும் போகாதே, தனியாகவும் போகாதே. முதல் வேலையாக உன் போனிலேயே அந்த வீட்டுக்குள் சிக்னலைச் சோதித்துக் காட்டு. இல்லாவிட்டால் 'உங்கள் வீட்டுக்கு இது சரிவராது அம்மா' என்று நீயே சொல்லிவிட்டு வா. இரவு டேட்டா எவ்வளவு, பகல் டேட்டா எவ்வளவு, வரியோடு மாதம் எவ்வளவு என்பதைத் தமிழில் ஒரு துண்டில் எழுதி, உன் பெயரையும் போட்டுக் கொடு. அடையாள அட்டையைப் படம் எடுத்தால் எதற்கு என்று சொல், நிறுவனத்துக்கு அனுப்பியதும் அவர்கள் கண் முன்னால் உன் போனிலிருந்து அழித்துக் காட்டு. வேண்டாம் என்றவர் வீட்டுக்கு மறுபடி போகாதே. கொமிஷன் கணக்கை மாதா மாதம் உன் கைப்பட எழுதி வைத்துக்கொள், அதிலும் பிள்ளைகளை ஏமாற்றுகிறார்கள். மூன்று மாதம் இப்படிச் செய்துவிட்டு எனக்கு எழுது, சுப்பர்வைசர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து.